வலியைச் சொல்லும் மாயக்கதைப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பெரும்பாலும் நான்கு படங்களைப் பற்றித்தான் பேச்சு: 'பேன்ஸ் லேபிரிந்த்' (2006), 'தி ஃபால்' (2006), 'பிரிட்ஜ் டு டெராபிதியா' (2007), 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2016). முடிவுகளை மறைக்காமல் எழுதியிருக்கிறோம். முன்கூட்டியே தெரிய வேண்டாம் என்பவர்கள் பார்த்துவிட்டு வரலாம். தெரிந்துகொண்டு பார்த்தாலும் பெரிய நட்டமில்லை. 'பேன்ஸ் லேபிரிந்த்' தொடங்குவதே சிறுமி ரத்தம் வழியச் சாகக் கிடக்கும் காட்சியில்தான்.

வலியைச் சொல்ல மாயம் எதற்கு? நேரடியாகவே சொல்லிவிடலாமே?

சொல்லலாம், சொல்லியும் இருக்கிறார்கள். ஆனால் இந்த நான்கு படங்களிலும் கதையின் நடுவில் இருப்பது குழந்தை. 'எ மான்ஸ்டர் கால்ஸ்' மாதிரிப் படத்தில், அம்மா சாகப்போகிறாள் என்பதை வீட்டில் யாரும் அந்தக் குழந்தையிடம் உடைத்துப் பேசுவதில்லை. குழந்தைக்கு விஷயம் தெரியும், அதற்கான சொல் மட்டும் கிடைக்காது. அந்தச் சொல்லின் இடத்தில் மரம் எழுந்து நடக்கிறது, சுவரில் சுண்ணக்கட்டியால் வரைந்த கதவு திறக்கிறது.

இன்னொரு காரணம், மாயத்துக்கு விதி உண்டு. மூன்று வேலையை முடி, பழத்தைத் தொடாதே, மணல் கொட்டி முடிவதற்குள் திரும்பி வா என்று அது தெளிவாகச் சொல்லும். போருக்கும் புற்றுநோய்க்கும் அப்படி எந்த விதியும் கிடையாது. ஏதாவது ஒன்றைச் சரியாகச் செய்தால் பலன் கிடைக்கும் என்ற உலகம் அந்தக் குழந்தைக்கு வேண்டியிருக்கிறது.

இந்த வகையில் ஒரு படம் தேறுமா என்று பார்க்க நாங்கள் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: மாயம் இழப்பை இல்லாமல் ஆக்குகிறதா? கடைசிப் பத்து நிமிடத்தில் மந்திரம் போட்டு அம்மாவைப் பிழைக்கவைத்தால் அதுவரை அழுததெல்லாம் ஏமாற்று வேலையாகிவிடும். மேலே சொன்ன நான்கில் எதுவும் அதைச் செய்யவில்லை.

எதில் தொடங்குவது?

இந்த வகைக்குப் புதியவர் என்றால் 'எ மான்ஸ்டர் கால்ஸ்'. 108 நிமிடம், கதை நேராகப் போகும், ரத்தம் குறைவு. அடுத்து 'பேன்ஸ் லேபிரிந்த்'. மூன்றாவதாக 'தி ஃபால்'; அதற்குப் பொறுமை வேண்டும். 'டெராபிதியா'வைச் சிறுவர் படம் என்று கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள், நான்கிலும் சற்றும் எதிர்பாராமல் வந்து அடிப்பது அதுதான். அடுத்தடுத்த நாளில் இரண்டு படங்களைப் பார்ப்பது வேண்டாம்.

'பேன்ஸ் லேபிரிந்த்' படத்தில் நடப்பது நிஜமா, அந்தச் சிறுமியின் கற்பனையா?

அதிகம் வரும் கேள்வி இது. முதலில் களத்தைச் சொல்லிவிடுவோம். 1944, ஸ்பெயின். உள்நாட்டுப் போர் 1939இலேயே முடிந்துவிட்டது, சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி நடக்கிறது. மலைக்காட்டில் எஞ்சியிருக்கும் கிளர்ச்சியாளர்களை ஒழிக்க வந்தவன் கேப்டன் விடால். அவனுடைய புது மனைவி நிறைமாதக் கர்ப்பிணியாக அங்கே வந்து சேர்கிறாள். முதல் கணவனுக்குப் பிறந்த மகள் ஒஃபேலியாவும் கூட வருகிறாள். வீட்டுக்கு அருகிலுள்ள பழைய கல் புதிர்ப்பாதையில் ஃபான் என்னும் ஆட்டுக்கால் வனதெய்வம் அவளைச் சந்தித்து, நீ பாதாள உலகத்தின் இளவரசி, மூன்று சோதனைகளை முடித்தால் திரும்பிப் போகலாம் என்கிறது.

கற்பனைதான் என்பவர்களின் வலுவான சான்று கடைசியில் வருகிறது. சிறுமி ஃபானோடு பேசிக்கொண்டிருக்கிறாள். பின்னால் வந்து நிற்கும் கேப்டன் கண்ணுக்கு அவள் வெற்றிடத்தைப் பார்த்துப் பேசுகிறாள்.

நிஜம் என்பவர்களுக்கும் சான்று உண்டு. அவளை அறையில் பூட்டிக் காவல் போட்டிருக்கிறார்கள். ஃபான் கொடுத்த சுண்ணக்கட்டியால் கதவு வரைந்து அவள் வெளியேறிவிடுகிறாள், கட்டி கேப்டனின் மேசைமேல் கிடக்கிறது. இன்னொன்று மாண்ட்ரேக் என்ற செடியின் வேர். பாலில் போட்டு, தினமும் காலையில் இரண்டு சொட்டு ரத்தம் விட்டு, அம்மாவின் கட்டிலுக்கடியில் வைக்கச் சொல்கிறது ஃபான். வைத்ததும் அம்மா தேறுகிறாள். கண்டுபிடித்து நெருப்பில் எறிந்ததும் வேர் அலறுகிறது, அந்த நொடியே அம்மாவுக்கு வலி எடுக்கிறது.

இயக்குநர் கியெர்மோ டெல் டோரோ தன்னைப் பொறுத்தவரை அது நிஜம் என்று பல முறை சொல்லியிருக்கிறார். ஆனாலும் படத்துக்குள் இரு பக்கத்துக்கும் இடம் விட்டுத்தான் எடுத்திருக்கிறார். எங்கள் கணிப்பில் இந்தக் கேள்வியைத் தீர்த்துவைப்பதால் பெரிய லாபமில்லை. மூன்றாவது சோதனையில் கைக்குழந்தைத் தம்பியின் ஒரு துளி ரத்தம் கேட்கப்படுகிறது. அவள் மறுக்கிறாள், அதற்காக உயிரை விடுகிறாள். ஃபான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த மறுப்பு அவளுடையது. சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்வது கேப்டன் மாதிரி ஆட்களால்தான் முடியும் என்று சாகும் முன் மருத்துவர் சொல்லும் வசனத்தோடு சேர்த்துப் பார்த்தால் படம் முழுக்க ஒரே கோட்டில் வந்து நிற்கும்.

தலைப்பில் வரும் பேன் யார்?

படத்தில் இல்லை. ஸ்பானியத் தலைப்புக்கு 'ஃபானின் புதிர்ப்பாதை' என்றுதான் பொருள். ஆங்கிலத்துக்குப் போகும்போது ஃபான், கிரேக்கத் தெய்வமான பேன் ஆகிவிட்டது.

'பேன்ஸ் லேபிரிந்த்' படத்தில் கொடூரக் காட்சிகள் எவ்வளவு? எங்கே வரும்?

முதல் அரை மணி நேரத்துக்குள் முயல் வேட்டைக்குப் போன தகப்பனும் மகனும் பிடிபடுவார்கள். கேப்டன் ஒரு பாட்டிலால் மகனின் முகத்தை அடித்தே நொறுக்குவான். படத்திலேயே தாங்க முடியாத இடம் அதுதான். கூட்டமாகப் பார்க்கும்போது சிலர் எழுந்து போய்விடுவது இங்கேதான். அதன் பிறகு அழுகிய காலை ரம்பத்தால் அறுக்கும் காட்சி, சித்திரவதை, அம்மாவின் பிரசவ மரணம், கேப்டன் தன் கிழிந்த வாயைக் கண்ணாடி பார்த்துத் தானே தைப்பது என்று வரிசையாக வரும்.

டெல் டோரோ எதைக் காட்டுகிறார், எதை மறைக்கிறார் என்று கவனியுங்கள். திக்குவாய்க் கைதியைச் சித்திரவதை செய்யும் முன், கேப்டன் சுத்தியலையும் குறடையும் எடுத்து ஒவ்வொன்றாக விளக்குகிறான். அடிப்பதைக் காட்டுவதில்லை, பிறகு சிதைந்த கையை மட்டும் பார்க்கிறோம். கேப்டன் தனக்குத்தானே தையல் போடுவதோ முழுசாகத் திரையில் இருக்கிறது. தைத்து முடித்து மது குடிக்கிறான், எரிச்சலில் துடிக்கிறான், கட்டின்மேல் ரத்தம் ஊறுகிறது. கொடுமைக்காரனின் வலியை அருகில் வைத்துக் காட்டிவிட்டு, அப்போதும் அவன்மேல் இரக்கம் வராமல் பார்த்துக்கொள்வது சாதாரணக் கைவேலை இல்லை.

வெளிறிய மனிதன் காட்சி ஏன் அவ்வளவு பயமுறுத்துகிறது?

அவன் அசையாமல் உட்கார்ந்திருப்பதால். நீண்ட மேசை நிறைய விருந்து, தலைமாட்டில் தோல் தொங்கும் உருவம், முகத்தில் கண் இல்லை, கண்கள் இரண்டும் தட்டில் கிடக்கின்றன. எதையும் தின்னக் கூடாது என்பது விதி. சிறுமி இரண்டு திராட்சையை எடுத்துத் தின்றுவிடுகிறாள். உருவம் விழித்து, கண்களை உள்ளங்கையில் பொருத்திக்கொண்டு எழுகிறது. அவளுக்குத் துணையாக வந்த இரண்டு தேவதைகளின் தலையைக் கடித்துத் துண்டிக்கிறது.

அவ்வளவு எச்சரித்தும் ஏன் தின்றாள் என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு முன் ஓர் இரவில் அவள் சாப்பாடில்லாமல் படுக்கைக்கு அனுப்பப்பட்டவள். ஊரில் ரொட்டிக்கு அட்டை முறை, கேப்டன் வீட்டில் மட்டும் விருந்து. அந்த விருந்தில் கேப்டன் உட்கார்ந்த இடமும் வெளிறிய மனிதன் உட்கார்ந்த இடமும் ஒன்றே: மேசையின் தலைமாடு, முதுகுக்குப் பின்னால் எரியும் கணப்பு. இரண்டு காட்சிகளையும் நிறுத்தி வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மூலையில் குவிந்து கிடக்கும் சின்னச் சின்னச் செருப்புகளையும் தவறவிட வேண்டாம். வதை முகாம்களின் நினைவு வரட்டும் என்றே வைத்தவை அவை.

அந்த உருவங்கள் கணினியில் செய்தவையா?

பெரும்பகுதி கையால் செய்தவை. ஃபான், வெளிறிய மனிதன் இரண்டுமே டக் ஜோன்ஸ் என்ற ஒரே நடிகர். பார்சிலோனாவின் டிடிடி நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் மார்ட்டியும் மொன்சே ரிபேயும் செய்த ஒப்பனைக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஃபானாக மாற ஏறத்தாழ 5 மணி நேரம் பிடித்தது. காலில் ஆட்டுக்கால் அமைப்பைக் கட்டி, நடிகரின் சொந்த முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியை மட்டும் கணினியில் அழித்தார்கள். காதுகளும் முக அசைவுகளும் தலைக்குள் இருந்த சிறு மோட்டார்களால் இயங்கின. அவை போட்ட இரைச்சலில் எதிரே பேசும் சிறுமியின் குரல் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. வெளிறிய மனிதனாக நடித்தபோது மூக்குத் துளைகள் வழியாகத்தான் வெளியே பார்த்தார்.

இத்தனைக்கும் அவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. வசனங்களை மனப்பாடம் செய்து வாயசைத்தார். திரையில் கேட்கும் குரல் பாப்லோ அடான் என்ற ஸ்பானிய நடிகருடையது. இந்தப் படத்துக்கு ஒளிப்பதிவுக்கும் (கியெர்மோ நவாரோ) கலை இயக்கத்துக்கும் (எவ்ஜேனியோ கபாயெரோ, பிலார் ரெவுவெல்தா) ஆஸ்கர் கிடைத்தது. சிறந்த பிறமொழிப் படத்துக்கான விருது மட்டும் ஜெர்மானியப் படம் ஒன்றுக்குப் போய்விட்டது.

மொழிமாற்றத்தில் பார்க்கலாமா?

வேண்டாம். ஸ்பானிய ஒலியோடும் சப்டைட்டிலோடும் பாருங்கள். ஆங்கில சப்டைட்டிலை டெல் டோரோவே எழுதினார், நம்பிப் படிக்கலாம்.

'எ மான்ஸ்டர் கால்ஸ்' பார்த்து ஏன் எல்லோரும் அழுகிறார்கள்?

அம்மா சாகிறாள் என்பதற்காக மட்டும் என்றால் அதைவிட அழவைக்கும் படங்கள் ஆயிரம். கதை இது: கானர் என்ற சிறுவனின் அம்மாவுக்குப் புற்றுநோய். இரவு 12:07க்கு எதிரேயிருக்கும் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் யூ என்ற ஊசியிலை மரம் அரக்கனாக எழுந்து வருகிறது. மூன்று கதை சொல்வேன், நான்காவதை நீ சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. அவன் மறைத்துவைத்திருக்கும் உண்மை: அம்மா பிழைக்கட்டும் என்று விரும்பிய அதே மனசு, இது எப்படியாவது சீக்கிரம் முடிந்துவிடட்டும் என்றும் விரும்பியது.

நீண்ட நாள் நோயாளியைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்கள் பலருக்கும் இந்த எண்ணம் ஒரு நொடியாவது வந்திருக்கும், வந்ததற்காகத் தன்னையே வெறுத்தும் இருப்பார்கள். படம் அதை ஒரு சிறுவன் வாயால் சொல்லவைக்கிறது. அதனால்தான் அரங்கில் சிறுவர்களைவிட நாற்பது வயதுக்காரர்கள் அதிகம் உடைகிறார்கள்.

அவன் செய்யும் நாசங்களையும் கவனியுங்கள். பாட்டியின் வரவேற்பறையை அடித்து நொறுக்குகிறான். பள்ளியில் ஒருவனை மருத்துவமனைக்குப் போகுமளவு அடிக்கிறான். ஒவ்வொரு முறையும் தண்டனையை எதிர்பார்த்து நிற்கிறான், பெரியவர்கள் தண்டிக்க மறுக்கிறார்கள். குற்றவுணர்வில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கருணை எவ்வளவு பெரிய தண்டனை என்பதைப் படம் விளக்கவில்லை, அவன் முகத்தைக் காட்டி விட்டுவிடுகிறது.

மூலக் கருவை யோசித்தவர் ஷிவோன் டவ்ட் என்ற எழுத்தாளர். மார்பகப் புற்றுநோயால் 2007இல் எழுதி முடிக்காமலேயே இறந்தார். பாட்ரிக் நெஸ் அதை 2011இல் நாவலாக்கினார், திரைக்கதையும் அவரே. இயக்கியவர் ஹ்வான் அந்தோனியோ பயோனா.

'எ மான்ஸ்டர் கால்ஸ்' படத்தில் அம்மாவுக்கு யூ மரத்திலிருந்து எடுத்த புற்றுநோய் மருந்து கொடுக்கிறார்கள். அது கதைக்காகச் சொன்னதா?

இல்லை. பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து எடுத்த பாக்லிடாக்செல் என்ற மருந்து 1992இல் அமெரிக்காவில் சூல்பைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. ஐரோப்பிய யூ மரத்தின் ஊசி இலைகளிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு டோசிடாக்செல் என்ற இன்னொரு மருந்தைச் செய்கிறார்கள். இரண்டும் இன்றும் பயன்பாட்டில் உள்ளவை. அதே மரத்தின் இலையும் விதையும் கொடிய நஞ்சு. கல்லறைகளுக்குப் பக்கத்தில் நிற்கும் மரம், விஷமும் மருந்துமான மரம். கதைக்கு வேறு எந்த மரத்தை வைத்தாலும் இவ்வளவு பொருந்தியிருக்காது. படத்தில் மருந்து பலிக்கவில்லை.

வீட்டில் சாவு நடந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பார்க்கலாமா?

இத்தனை மாதம் என்று கணக்கு கிடையாது. இறந்தவரின் துணிமணியைத் தொட முடிகிறதா, அவர் பேச்சு வந்தால் எழுந்து போகாமல் உட்கார முடிகிறதா என்று பாருங்கள். முடியாதென்றால் தள்ளிப்போடுங்கள், படம் எங்கும் ஓடிவிடாது. பார்ப்பதென்றால் தனியாக வேண்டாம், தூங்கப்போகும் நேரத்திலும் வேண்டாம். மாலை நான்கு மணிக்குத் தொடங்கினால் முடிந்தபின் வெளியே நடந்துவர வெளிச்சம் மிச்சமிருக்கும்.

பிள்ளைகளுக்கு எந்த வயதில் எது?

'டெராபிதியா' பத்து வயதிலிருந்து, பெரியவர் ஒருவர் கூட இருந்து. 'மான்ஸ்டர்' பன்னிரண்டுக்கு மேல். 'பேன்ஸ் லேபிரிந்த்' பிரிட்டனில் 15 வயதுச் சான்றிதழ் பெற்றது. அந்த எண்ணைக் குறைக்காதீர்கள். தேவதையும் சிறுமியும் இருக்கும் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு எட்டு வயதுப் பிள்ளைக்குப் போட்டுக்கொடுப்பதுதான் இந்த வகையில் அடிக்கடி நடக்கும் விபத்து. 'தி ஃபால்' பெரியவர்களுக்கு மட்டும்.

'டெராபிதியா'வைப் பள்ளியில் திரையிட விரும்புகிறோம். எதில் கவனம் வேண்டும்?

இந்தப் படத்தின் முன்னோட்டம் வினோத உயிரினங்களை மட்டும் காட்டி, பெரிய மாய சாகசம் என்று விற்றது. உள்ளே இருப்பது வேறு. ஜெஸ், லெஸ்லி என்ற இரண்டு பள்ளிப் பிள்ளைகள் ஓடையைக் கயிற்றில் தொங்கித் தாண்டிப் போய்க் காட்டுக்குள் கற்பனை ராச்சியம் அமைக்கிறார்கள். ஒரு நாள் ஆசிரியையோடு அருங்காட்சியகம் போகிறான் ஜெஸ். லெஸ்லியையும் கூப்பிடலாமா என்று கேட்க வாய்ப்பிருந்தும் கேட்கவில்லை. அன்றைக்குத் தனியாகப் போன லெஸ்லி கயிறு அறுந்து விழுந்து இறந்துவிடுகிறாள். நாவலாசிரியர் கேத்தரின் பேட்டர்சன் இதை எழுதியது (1977) தன் மகனின் தோழி மின்னல் தாக்கி இறந்த பிறகு. அந்த மகனே படத்தின் திரைக்கதையில் பங்கேற்றார்.

ஆகவே முதல் வேலை, இந்தப் படத்தில் ஒரு பிள்ளை இறந்துபோகிறாள் என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுவது. சுவாரசியம் கெடும் என்று மறைத்தால், அண்மையில் யாரையாவது இழந்த பிள்ளை வகுப்பில் மாட்டிக்கொள்ளும். அப்படி யாராவது இருக்கிறார்களா என்று வகுப்பாசிரியரிடம் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். படம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இரண்டரை மணி நேரம் ஒதுக்கினால்தான் பேச நேரம் இருக்கும். மணியடிக்கும் நேரத்தில் படம் முடிந்து பிள்ளைகள் அப்படியே பேருந்து ஏறுவதுபோல் வைக்காதீர்கள். கதவைப் பூட்ட வேண்டாம், எழுந்து போகும் பிள்ளையோடு போக வெளியே ஒருவர் இருக்கட்டும்.

முடிந்ததும் "என்ன கற்றுக்கொண்டீர்கள்" என்று கேட்காதீர்கள். "ஜெஸ் ஏன் லெஸ்லியைக் கூப்பிடவில்லை?" என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும்.

'தி ஃபால்' பற்றி இந்தியர்கள் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

இயக்கியவர் ஜலந்தரில் பிறந்த தர்சேம் சிங். சொந்தப் பணத்தைப் போட்டு, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் எடுத்தார். ஜோத்பூரின் நீல வீடுகள், ஆபானேரியின் படிக்கிணறு, அந்தமான் கடலில் நீந்தும் யானை எல்லாம் வருகின்றன.

கதை நடப்பது லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனை ஒன்றில், பேசாப்படக் காலத்தில். படப்பிடிப்பில் அடிபட்டுக் கால் செயலிழந்த சண்டைக் கலைஞன் ராய், கை முறிந்த குடியேறிச் சிறுமி அலெக்ஸாண்ட்ரியாவுக்குக் கதை சொல்கிறான். அவன் 'இந்தியன்' என்று சொல்வது அமெரிக்கப் பழங்குடியினனை. அவள் மனதில் விரிவது தலைப்பாகை கட்டிய நம்மூர்க்காரன், ஏனென்றால் அவளுக்குத் தெரிந்த இந்தியன் ஆரஞ்சுத் தோப்பில் கூட வேலை செய்தவன். படம் முழுக்க நாம் பார்ப்பது அவன் சொன்ன கதை அல்ல, அவளுக்குக் கேட்ட கதை.

அவன் கதை சொல்வதற்கு உள்நோக்கம் உண்டு. மருந்தறையிலிருந்து மார்பின் மாத்திரை திருடிவரச் சொல்கிறான், தற்கொலைக்கு. எழுதிக் கொடுத்த ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தை அவள் 3 என்று படித்துவிட்டு, மூன்றே மாத்திரையை வைத்துக்கொண்டு மீதியைக் கொட்டிவிடுகிறாள். சிரிக்கவும் முடியாத, சிரிக்காமலும் இருக்க முடியாத இடம். பிற்பாடு அவன் கதையின் பாத்திரங்களை ஒவ்வொருவராகக் கொல்லத் தொடங்க, அவள் அழுது மன்றாடுகிறாள். அந்தக் கதை இப்போது என்னுடையதும்தான் என்பது அவள் வாதம்.

தற்கொலை எண்ணம் படத்தின் முதுகெலும்பு என்பதால், அந்த எண்ணத்தோடு போராடிக்கொண்டிருப்பவர் இப்போது பார்க்க வேண்டாம். இந்தியாவில் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். பல ஆண்டு எங்கும் எளிதில் கிடைக்காதிருந்த இந்தப் படம் 2024இல் 4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்டு முபி என்ற இணையத் திரைப்படத் தளத்தில் வந்தது.

இந்த வகையில் திரைக்கதை எழுதுகிறேன். எங்கே சறுக்கும்?

பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே. மாய உலகத்தை முதலில் கட்டிவிட்டு, அதற்கு ஒரு சோகத்தைத் தேடிப் பிடிப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். மாயமே இல்லாமல் கதையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: யாருக்கு, எந்த ஆண்டு, எந்த ஊரில், என்ன இழப்பு. அந்தப் பக்கமே நிற்கவில்லை என்றால் அரக்கனைக் கொண்டுவந்தும் நிற்காது. 'பேன்ஸ் லேபிரிந்த்' கதையிலிருந்து ஃபானை எடுத்துவிடுங்கள், அப்போதும் ஒரு முழுப் படம் மிஞ்சும்.

அடுத்து விதிகள். மூன்றுக்கு மேல் போனால் பார்ப்பவருக்கு நினைவில் நிற்காது. ஒவ்வொரு விதிக்கும் விலை இருக்கட்டும். மெக்சிகோவின் 'டைகர்ஸ் ஆர் நாட் அஃப்ரெய்ட்' (2017, இயக்கம் இஸ்ஸா லோபெஸ்) படத்தில் பள்ளியில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும்போது ஆசிரியை ஒரு சிறுமியின் கையில் மூன்று சுண்ணக்கட்டிகளைக் கொடுக்கிறார், மூன்று வரம் என்று. காணாமல்போன அம்மா திரும்பி வர வேண்டும் என்று முதல் வரம் கேட்கிறாள். அம்மா வருகிறாள், பிணமாக. அதற்குமேல் விதியை யாரும் விளக்கத் தேவையில்லை.

மாயம் யார் யார் கண்ணுக்குத் தெரியும் என்பதை எழுதும் முன்பே முடிவுசெய்து, கடைசிவரை மாற்றாதீர்கள். நடுவில் வசதிக்காக மாற்றினால் பார்ப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

நிறத்தையும் தாளிலேயே யோசியுங்கள். டெல் டோரோ கேப்டனின் உலகத்துக்கு நீலச் சாம்பலும் நேர்க்கோடுகளும் கொடுத்தார், சிறுமியின் உலகத்துக்குப் பொன்னிறமும் செம்மையும் வளைவுகளும். படம் நகர நகர இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கசியத் தொடங்கும்.

இன்னொரு பொதுவான கோளாறு, அரக்கனை எந்த வலிக்கு உருவகம் என்று யாராவது வசனத்தில் சொல்லிவிடுவது. அந்த வசனத்தை எழுதிக்கொள்ளுங்கள், எழுதினால் உங்களுக்கே தெளிவு வரும். படப்பிடிப்புக்குப் போகும் முன் அடித்துவிடுங்கள்.

வீட்டில் பார்ப்பதற்கு ஏற்பாடு ஏதாவது?

'பேன்ஸ் லேபிரிந்த்' பாதிக்கு மேல் இருட்டில் நடக்கிறது. ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் ஒன்றும் தெரியாது, இரவில் பாருங்கள். தொலைக்காட்சியில் அசைவை மழமழப்பாக்கும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள், அதை வைத்துப் பார்த்தால் ஃபான் நாடக மேடை வேடதாரி மாதிரி தெரியும். இசையமைப்பாளர் ஹவியேர் நவாரெத்தேயின் தாலாட்டு மெட்டு மிக மெதுவான முனகலாகத் தொடங்கும், மின்விசிறிச் சத்தத்தில் அமுங்கிவிடக்கூடும். ஏதாவது கொறித்துக்கொண்டே பார்க்கும் பழக்கமுள்ளவர்கள், பாட்டில் காட்சி வரை பொறுத்திருந்து பிறகு முடிவுசெய்யலாம்.